59 நிலைகளையும் கற்றவருக்குக் கேள்வி கேட்க உரிமை இல்லையா?

தாய்லாந்தின் முகமூடி நடன நாடகமான கோனில் தேர்ந்த பிச்செட் கிளன்சுனின் நடனப் படத்தைச் சனிக்கிழமை திரையிட்டு முடித்ததும் நடந்ததைப் பலரும் நேரில் பார்த்தீர்கள். "முகமூடி இல்லை, ஜரிகை உடை இல்லை, இது கோனே இல்லை. வெளிநாட்டு விழாக்களுக்காகக் கலையைச் சிதைக்கிறார்" என்று ஒரு மூத்தவர் சொன்னதும் அரங்கமே கைதட்டியது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சிதைப்பவரா அவர்? பிச்செட் கிளன்சுன் 16 வயதில் சாயோட் கும்மானியிடம் கோன் கற்கத் தொடங்கி, அரக்கன் வேடத்தில் தேறியவர். தாய்லாந்து நடனத்தின் 'மே பொட் யாய்' என்ற அடிப்படைத் தொகுதியில் இருக்கும் 59 உடல் நிலைகளையும் வருடக்கணக்கில் அலசித்தான் 'நம்பர் 60' என்ற நடனத்தைச் செய்தார். வட்டமும் வளைவும், உடலின் அச்சுப் புள்ளிகள், கைகால்களின் ஒத்திசைவு என்று அவற்றின் இயக்கத்தை ஆறு கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். மரபை இவ்வளவு நெருங்கிப் பார்த்தவரையா மரபு தெரியாதவர் என்கிறீர்கள்?

முகமூடி இல்லையாம். இன்றைய கோன் மேடையில் ராமரும் சீதையும் முகமூடி போடுவதில்லை, அரக்கரும் குரங்குகளும்தான் போடுகிறார்கள். ஒரு காலத்தில் ஆண்களே ஆடிய கோனில் இன்று பெண்கள் சீதையாக ஆடுகிறார்கள். அதுவும் சிதைவா?

பாங்காக்கில் ஒரு தொடக்க வகுப்பில் சேர்ந்திருந்தேன். உட்கார்ந்து முழங்காலைத் தட்டித் தாளம் பிடிப்பது, அப்புறம் காலை மாற்றி மாற்றித் தரையில் மிதிப்பது. தொடை எரியும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் முழங்கை ஏன் அங்கே வளைகிறது என்று கேட்டதற்கு, "என் குரு அப்படித்தான் செய்தார்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார் ஆசிரியர். அன்று முழுக்க அவர் என் பக்கமே வரவில்லை. பிறகு, அந்த ஆறு கூறுகளை வைத்துச் சொல்லிக்கொடுத்த ஒரு பட்டறையில், கை காற்றில் போடும் வட்டத்தை முடிக்காமல் பாதியில் விடச் சொன்னார்கள். அந்த வளைவு எதற்கு என்று அப்போதுதான் என் உடம்புக்குப் புரிந்தது.

"அப்படியென்றால் பழைய பயிற்சி வேண்டாமா?" என்பீர்கள். யார் சொன்னது? அந்த மிதி இல்லாமல் எந்தச் சோதனையும் நிற்காது. "யுனெஸ்கோ 2018-இல் பட்டியலில் சேர்த்த கலையாயிற்றே?" சரி, அது வாழும் மரபுகளுக்கான பட்டியல்; வாழ்வது மாறத்தானே செய்யும். கணினி உருவங்களோடு ஆடும் பிச்செட்டின் 'சைபர் சுபின்' படைப்பு எனக்கும் அவ்வளவாக ஒட்டவில்லை. அதற்காக அவரைத் துரோகி என்பேனா?

குருபக்தி இல்லை என்றும் ஒருவர் சொன்னார். அதுதான் ரொம்ப வலித்தது. கேள்வி கேட்ட மாணவரை ஓரம்கட்டுவதற்கு குருபக்தி என்று பேர் வைக்காதீர்கள். அப்படி ஓரம்கட்டப்பட்டு நடனத்தையே விட்டவர்கள் எனக்குத் தெரியும்.

அன்று கைதட்டியவர்களில் என் நண்பர்களும் இருந்தீர்கள். பாதிப் படத்தில் வெளியே போய் போன் பேசிவிட்டு வந்தவரின் தீர்ப்புக்குக் கைதட்டினீர்கள். முழுதாக ஒருமுறை பாருங்கள். பார்த்துவிட்டுத் திட்டினால் கேட்டுக்கொள்கிறேன்.