கப்பல் மரம் என்பது கட்டுக்கதை

இங்கிலாந்தில் பழைய மரச்சட்ட வீடுகளுக்குப் பேர்போன லாவன்ஹாம் ஊரின் படத்தின் கீழே, "உத்தரங்களில் காலிக் குழிகள் இருக்கின்றன, மரம் வளைந்திருக்கிறது, ஆகவே பழைய கப்பலை உடைத்துக் கட்டிய வீடு" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கிலாந்தின் பல கிராமங்களில் சொல்லப்படும் கதைதான், ஆனால் தவறு.

அந்த வீடுகளுக்கு அருகிலேயே வெட்டிய பச்சை ஓக் மரத்தைத்தான் எடுத்தார்கள். காய்ந்து இறுகிய ஓக்கில் உளி இறங்குவது கடினம். பச்சையாகவே இழைத்து, மூட்டி, நிறுத்திவிடுவார்கள். மரம் வீட்டிலேயே காய்ந்து முறுக்கிக்கொள்ளும். வளைவுக்குக் காரணம் அதுதான். சில இடங்களில் தாங்குகட்டைக்கென்றே இயற்கையாக வளைந்த கிளையைத் தேடி எடுத்ததும் உண்டு.

காலிக் குழி எதற்கு என்பதை அதன் இடமே சொல்லும். வரிசையாகச் சிறிய சதுரக் குழிகள் என்றால், கண்ணாடி இல்லாத காலத்து ஜன்னலின் மரக்கம்பிகள் நின்ற இடம். பெரிய நீள்குழி என்றால் பிற்பாடு அகற்றிய சுவரின் கழுந்து (குழியில் பொருந்தச் செதுக்கிய மரமுனை) செருகியிருந்த இடம், அல்லது வேறொரு கட்டடத்திலிருந்து வந்த மரம். மூட்டருகே ரோமன் எண் போன்ற கீறல்களையும் பாருங்கள். தரையில் பொருத்திப் பார்த்துக் கழற்றிய மரச்சட்டத்தை மறுபடி கோக்கத் தச்சர்கள் இட்ட குறி அது. இந்தச் சட்டத்துக்கென்றே செதுக்கிய மரம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

விதிவிலக்கு உண்டு: ஹாம்ப்ஷயரின் விக்கமில் 1820-இல் கட்டிய செசபீக் ஆலை. அதில் இருப்பது அதே பெயருள்ள போர்க்கப்பலின் மரம்தான். போர்ட்ஸ்மத் கப்பல்துறை அதற்குப் பக்கம். லாவன்ஹாமோ கடலிலிருந்து உள்ளே தள்ளிய ஊர்.