வக்கீலிடம் விவசாயத் துறையைக் கொடுக்கலாமா? சி.எஸ்.ஸை முன்வைத்து

அமைச்சரவைப் பட்டியல் வெளியாகும் ஒவ்வொரு தடவையும் முகநூலில் ஒரு கோபம் கிளம்பும். "டாக்டர் இருக்கும்போது சுகாதாரத்தை ஏன் வக்கீலிடம் கொடுத்தார்கள்? விவசாயத்துக்கு ஒரு வேளாண் பட்டதாரிகூடவா கிடைக்கவில்லை?" நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று கேட்டால் ஒரே ஒரு பெயரைச் சொல்வேன். சி.எஸ். என்று அழைக்கப்பட்ட சி.சுப்பிரமணியம்.

எங்கள் கொங்குப் பகுதியிலேயே முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் "யாரு?" என்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில், 1910 ஜனவரி 30 அன்று, விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, பிறகு சட்டக் கல்லூரிக்குப் போனார். படிக்கும் காலத்திலேயே சட்டமறுப்பு இயக்கத்தில் இறங்கிவிட்டார். பின்பு கோயம்புத்தூரில் வக்கீல் தொழில். 1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை. அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1952 முதல் பத்து வருடம் சென்னை ராஜ்ஜியத்தில் நிதி, கல்வி, சட்டம் என்று அமைச்சர். 1962இல் டெல்லிக்குப் போய் உருக்குத் துறை. 1964இல் உணவும் வேளாண்மையும். அதற்கப்புறம் திட்டக்குழு, தொழில் வளர்ச்சி, நிதி, பாதுகாப்பு. கடைசியில் மகாராஷ்டிர ஆளுநர். ஒரு மனிதர் இத்தனை துறையிலும் நிபுணராக இருக்க முடியுமா? முடியாது. அவர் அப்படிச் சொல்லிக்கொண்டதும் இல்லை.

வக்கீல் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்று வருகிறது. எலும்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் டாக்டரைக் கூண்டில் ஏற்றுவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவர் கிளினிக்கில் போய் உட்கார வேண்டும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, எங்கே முறிந்தது, எங்கே சேர்ந்தது, முழங்கால் இனி எவ்வளவு மடங்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஊனம் இத்தனை சதவீதம் என்று சான்றிதழில் எழுதினாரே, எதை வைத்து எழுதினார் என்று துருவ வேண்டும். நாளைக்கு இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் கேட்கப்போவதை எல்லாம் இன்றைக்கே நாம் கேட்டுவிட வேண்டும். விவரம் அவருடையது. வாதம் நம்முடையது. வழக்கு தோற்றால் கட்சிக்காரர் டாக்டரைத் திட்ட மாட்டார், நம்மைத்தான் திட்டுவார். சரியாகச் சொன்னால் அமைச்சர் வேலையும் இதுதான். நிபுணரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது, நம்பிக்கை வந்த பிறகு ஊரே எதிர்த்தாலும் வாதாடுவது, தோற்றால் பழியைத் தானே ஏற்பது. சி.எஸ். இதை வேளாண்மைத் துறையில் செய்து காட்டினார்.

1964இல் நேரு இறந்து சாஸ்திரி பிரதமரான நேரம். உணவுத் துறை என்றால் யாருக்கும் வேண்டாத துறை. அங்கே போனவர்கள் கெட்ட பெயரோடுதான் வெளியே வருவார்கள். உருக்கு மாதிரி கௌரவமான துறையில் இருந்தவரை இங்கே மாற்றினார்கள். அமெரிக்காவின் பி.எல்.480 என்ற உணவு உதவித் திட்டத்தில் வரும் கோதுமையை நம்பித்தான் நம் ரேஷன் கடைகள் ஓடிக்கொண்டிருந்தன. அடுத்த வருடமே மழை பொய்த்தது. 1964-65இல் சுமார் 8.9 கோடி டன் இருந்த உணவு தானிய விளைச்சல் 1965-66இல் 7.2 கோடி டன்னுக்கு இறங்கியது. 1966இல் ஏறக்குறைய ஒரு கோடி டன் தானியம் வெளியிலிருந்து வந்து இறங்கியது. அமெரிக்க அதிபர் ஜான்சன் அதையும் ஒரேயடியாகக் கொடுக்காமல் கப்பல் கப்பலாக அளந்துதான் விட்டார். நம் வெளியுறவுக் கொள்கை அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த கப்பல் தாமதமாகும். பட்டினியைக் காட்டி ஒரு தேசத்தை மிரட்ட முடிந்த காலம் அது.

இந்த இடத்தில் சி.எஸ். செய்த முதல் காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. விஞ்ஞானிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அதுவரை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்குத் தலைமை ஐ.சி.எஸ். நிர்வாக அதிகாரிகள்தான். பயிரைப் பற்றி முடிவெடுக்கும் நாற்காலியில் பயிர் தெரிந்தவர் உட்கார்ந்ததில்லை. 1965இல் அந்த முறை மாறி, பி.பி.பால் என்ற கோதுமை விஞ்ஞானி அதன் தலைமை இயக்குநர் ஆனார். சட்டம் படித்தவர் விஞ்ஞானிக்கு நாற்காலி போட்டார். துறை தெரிந்தவர் வேண்டும் என்று இன்றைக்குக் கோபப்படுகிறோமே, அவர் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் பதில்.

விஞ்ஞானிகள் சொன்ன விஷயம் கேட்க எளிமையானது. நம் நாட்டுக் கோதுமை உயரமாக வளரும். உரம் போட்டால் கதிர் கனத்துத் தண்டு சாய்ந்துவிடும். மெக்ஸிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கியிருந்த குட்டை ரகங்கள் சாயாது. உரத்தையும் நீரையும் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நின்று விளையும். டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி வளாகத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் குழு அதைச் சோதித்துப் பார்த்திருந்தது. அமைச்சர், செயலாளர் பி.சிவராமன், சுவாமிநாதன் என்று அந்த முயற்சியின் முக்கியமான மூவரும் தமிழர்கள். சோறு தின்கிற மூன்று பேர் வடக்கே கோதுமைக்காக மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

எதிர்ப்பு சாதாரணமாக இல்லை. விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை கொடு, உரத்துக்கும் விதைக்கும் அந்நியச் செலாவணி கொடு என்றார் சி.எஸ். நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி முடியாது என்றார். அவரும் தமிழர்தான். விலையை ஏற்றினால் நகரத்தில் சம்பளக்காரன் என்ன செய்வான் என்பது அவர் வாதம், அதிலும் நியாயம் உண்டு. இடதுசாரிகளுக்கு அமெரிக்கத் தொடர்பு மேல் சந்தேகம். வெளிநாட்டு விதையோடு நோயும் வரும் என்று பயந்தவர்கள் உண்டு. பணக்கார விவசாயிக்குத்தான் லாபம் என்றவர்களும் உண்டு. சி.எஸ். ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். 1965இல் 250 டன் விதை வந்தது. அதை விவசாயிகளின் சொந்த நிலத்திலேயே விதைத்துக் காட்டினார்கள். அடுத்த வருடம் 18,000 டன். அந்தக் காலத்தில் உலகில் யாரும் ஒரே வீச்சில் அவ்வளவு விதையை வாங்கியதில்லை. விளையாமல் போயிருந்தால் சி.எஸ்.ஸின் அரசியல் அத்தோடு முடிந்திருக்கும்.

டெல்லியில் அவர் அரசு பங்களாவின் முன்னால் இருந்த புல்வெளியை உழுது கோதுமை விதைத்துவிட்டார். அமைச்சரைப் பார்க்க வருகிறவர்கள் முழங்காலுக்கு மேல் நிற்கிற அந்தக் குட்டைப் பயிரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். "நீங்கள் சந்தேகப்படுகிற ரகம் இதுதான், போகும்போது கதிரைப் பிடித்துப் பாருங்கள்" என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறார். நீதிமன்றத்தில் சான்றாவணத்தை மேஜையில் வைக்கிற பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

1965ஐ இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்த வருடம் ஜனவரி 14, பொங்கல் அன்று, இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். விவசாயி விற்க வரும்போது அரசாங்கம் வாங்க நிற்க வேண்டும் என்ற ஏற்பாடு அது. விலையைப் பரிந்துரைக்க வேளாண் விலைக் குழுவும் அதே வருடம்தான். பன்னிரண்டே நாளில் ஜனவரி 26. இந்தி முதன்மை ஆட்சிமொழி ஆகும் நாள். தமிழ்நாடு கொந்தளித்தது. இளைஞர்கள் தீக்குளித்தார்கள், போலீஸ் சுட்டது, எத்தனையோ பேர் செத்தார்கள். மாநிலத்தை ஆண்டதும் சி.எஸ்.ஸின் காங்கிரஸ்தான். முதல்வர் பக்தவத்சலம் இறங்கி வரவில்லை. பிப்ரவரி 11 அன்று சி.எஸ்.ஸும் ஓ.வி.அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார்கள். சாஸ்திரி ராஜினாமாக்களைக் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனுக்கு அனுப்பிவிட்டார். அவர் ஏற்க மறுத்தார். அன்று இரவே சாஸ்திரி வானொலியில், இந்தி பேசாதவர்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்று நேரு கொடுத்த வாக்குறுதி காப்பாற்றப்படும் என்று பேசினார். அதன் பிறகுதான் இருவரும் திரும்பினார்கள்.

திரும்பியதைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். மொழிப் போரின் வெற்றி தெருவில் நின்ற மாணவர்களுடையது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் டெல்லி அமைச்சரவைக்குள் இருந்துகொண்டு, நாடே பட்டினியில் கிடக்கும்போது, வாழ்நாளின் பெரிய வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகவும் தயாராக ஒரு கடிதம் எழுதினாரே, அதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

பலன் என்ன கிடைத்தது? 1967 தேர்தலில் கோபிசெட்டிபாளையம் தொகுதியில் தோற்றார். விருதுநகரில் காமராஜரே தோற்ற தேர்தல் அது. இந்தி ஒரு காரணம் என்றால் அரிசி இன்னொரு காரணம். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. கேட்ட ஓட்டுக்கு அர்த்தம் இருந்தது, ஏனென்றால் அடுப்பில் அரிசி இல்லை. மத்திய உணவு அமைச்சரின் சொந்த ஊரிலேயே இல்லை. ஜனங்கள் மேல் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அவர் பதவி இழந்த அடுத்த வருடம், 1967-68இல், கோதுமை விளைச்சல் சுமார் 1.65 கோடி டன்னைத் தொட்டது. வறட்சிக்கு முந்தைய சாதனையே 1.2 கோடிதான். 1968இல் கோதுமைப் புரட்சி என்று அரசாங்கம் தபால்தலை வெளியிட்டபோது அவர் எம்.பி.கூட இல்லை.

பசுமைப் புரட்சி என்றாலே கொதிக்கும் நண்பர்கள் என் பட்டியலில் நிறைய. பஞ்சாபில் நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போனது, மண்ணில் உப்பேறியது, பாரம்பரிய விதைகள் காணாமல் போனது எல்லாம் உண்மை. புன்செய்க் காட்டுக்காரர்களான எங்களுக்கு இன்னொரு குறையும் உண்டு. கொள்முதல் என்றால் கோதுமையும் நெல்லும்தான். எங்கள் கம்புக்கும் சோளத்துக்கும் யார் தராசு கொண்டுவந்தார்கள்? இதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆனாலும் கப்பல் வருமா வராதா என்று துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாட்டில், இருக்கிற நீரில் இருக்கிற நிலத்தில் உடனடியாக விளைச்சலைக் கூட்டும் வழியைத் தேர்ந்தெடுத்ததைத் துரோகம் என்று எழுதுவது அநியாயம். ஆபத்துக்காலத்துக்குப் போட்ட ஏற்பாட்டை அரை நூற்றாண்டு அப்படியே ஓட்டிக்கொண்டு, இலவச மின்சாரத்தையும் சேர்த்துக் கொடுத்தவர்களிடம்தான் அந்தக் கணக்கைக் கேட்க வேண்டும்.

1954ஐயும் மறக்கக் கூடாது. ராஜாஜி பதவி விலகியபோது காமராஜரை எதிர்த்துக் கட்சித் தலைமைக்கு நின்றவர் சி.எஸ்.தான். 93க்கு 41 என்று தோற்றார். ஜெயித்த காமராஜர், எதிர்த்து நின்றவரையே அமைச்சராக்கினார். இவரும் மனக்கசப்பை வைத்துக்கொள்ளாமல் வேலை பார்த்தார். தன் குருநாதர் ராஜாஜியின் குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது இவர் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான். பள்ளிகள் பெருகி மதிய உணவு பரவிய காலத்திலும் கல்வித் துறை இவர் கையில்தான்.

இத்தனையும் எழுதியவன் அடுத்ததையும் எழுத வேண்டும். 1975 ஜூன் 25 இரவு எமர்ஜென்சி வந்தபோது சி.எஸ். நிதியமைச்சர். மறுநாள் காலை அமைச்சரவை கூடி ஒப்புக்கொண்டது. அவரும் அந்த அமைச்சரவையில் இருந்தார். வட்டார கிராமிய வங்கிகள் அந்த வருடம் அக்டோபர் 2 அன்று தொடங்கின. சிறு விவசாயிக்கும் கைத்தொழில்காரருக்கும் கடன் தருகிற நல்ல ஏற்பாடு. ஆனால் அதே காலத்தில்தான் ஆயிரக்கணக்கானோர் விசாரணை இல்லாமல் சிறையில் கிடந்தார்கள். ஆட்கொணர்வு மனுவோடு கதவைத் தட்ட முடியாது என்று 1976இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அரசியல் நிர்ணய சபையில் கையெழுத்திட்டவர், சிறை என்றால் என்னவென்று தெரிந்தவர், சட்டம் படித்தவர், அந்த அமைச்சரவையில் தொடர்ந்தார். 1965இல் ராஜினாமா எழுதிய கை 1975இல் எழுதவில்லை. இதற்கு நான் எந்தச் சமாதானமும் தேடப் போவதில்லை. மற்றவர்களாக இருந்தால் இவ்வளவு வலிக்காது.

பிறகு இந்திரா காந்தியிடமிருந்து விலகினார். 1979இல் சரண்சிங் ஆட்சியில் கொஞ்ச காலம் பாதுகாப்பு அமைச்சர். 1990இல் மகாராஷ்டிர ஆளுநர். பிரதமர் நரசிம்ம ராவைப் பற்றி அவர் தனிப்பட்ட முறையில் பேசியது பத்திரிகையில் வந்துவிட, 1993இல் பதவியை விட்டார். 1998இல் எம்.எஸ்.சுப்புலட்சுமியோடு சேர்த்து இவருக்கும் பாரத ரத்னா. 2000 நவம்பர் 7 அன்று காலமானார்.

என்னிடம் வரும் ஜூனியர் பிள்ளைகளில் யாருக்காவது அரசியல் ஆசை இருந்தால் ஒரு வேலை சொல்வேன். 1964 முதல் 1967 வரை வேளாண்மை பற்றிய நாடாளுமன்ற விவாதங்களை எடுத்துப் படி. சி.எஸ். எங்கே எண்ணிக்கை சொல்கிறார், எங்கே விஞ்ஞானியின் பேச்சைத் தன் பேச்சாக்குகிறார், குறுக்கே எழுந்து கேட்பவரை எப்படிச் சமாளிக்கிறார் என்று குறித்துக்கொள். முடித்ததும் எமர்ஜென்சி மாதங்களின் விவாதங்களையும் படி. இரண்டையும் படித்துவிட்டு வா, பேசலாம்.