யீல்டு ஏறினால் எல்லாவற்றையும் விற்பதா?

"அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களின் யீல்டு ஏறுகிறது, பங்குகளை விற்றுவிடுங்கள்" என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. (யீல்டு என்றால், இன்றைய விலைக்குப் பத்திரத்தை வாங்குபவருக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் வருமான சதவீதம்.) ஏன் ஏறுகிறது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. முக்கியமே அதுதானே?

2020 ஆகஸ்டில் 10 ஆண்டு பத்திரத்தின் யீல்டு சுமார் 0.5%. 2023 அக்டோபரில் அது 5 சதவீதத்தைத் தொட்டது. மந்தநிலை வந்தே தீரும் என்று அப்போது பலர் பயமுறுத்தினார்கள். 2024-லும் வரவில்லை. பிரிட்டனில் 2022 செப்டம்பரில் நடந்தது வேறு கதை. கடன் வாங்கியாவது வரியைக் குறைப்போம் என்று அரசு அறிவித்ததும் சில நாட்களிலேயே யீல்டு எகிறி, ஓய்வூதிய நிதிகள் தத்தளித்தன. கடைசியில் அந்நாட்டு மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்தே பத்திரங்களை வாங்க இறங்கியது. பயப்பட வேண்டியது அந்த மாதிரி ஏற்றத்துக்குத்தான்.

சரி, நம் கையில் இருக்கும் பழைய பத்திரம் என்ன ஆகும்? 1% வட்டி தரும் 1,000 டாலர் பத்திரம், முதிர்வுக்கு இன்னும் 10 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் யீல்டு 4% ஆனால் 1% பத்திரத்தை முழு விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள்; அதன் விலை சுமார் 757 டாலர்தான். அரசுப் பத்திரம் என்றால் முதிர்வு வரை வைத்திருப்பவருக்கு 1,000 டாலர் முழுதாக வந்துவிடும். நடுவில் விற்க நேர்ந்தவருக்குத்தான் அடி. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி விழுந்ததும் இப்படித்தான். டெபாசிட்தாரர்கள் பணத்தை எடுக்க, பத்திரங்களை நட்டத்தில் விற்க வேண்டியதாயிற்று.

அதனால் இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ வேண்டிய பணத்தை நீண்ட காலப் பத்திர ஃபண்டில் போடாதீர்கள். புதிதாகப் போடுபவர்களுக்கு அதிக யீல்டு லாபம்தான். கட்டுரையாளர் அதையும் எழுதியிருக்கலாம்.