தீயே பார்க்காத விதைக்கும் புகை உதவும்
'காட்டுத்தீ அடிக்கடி வரும் நிலத்துச் செடிகளுக்கு மட்டும்தான் புகை பயன்படும்' என்று, விதை முளைக்கப் புகை உதவுவது பற்றிய இந்தக் கட்டுரையில் வரும் வரியை ஏற்க முடியவில்லை. ஆராய்ச்சி தொடங்கியது அப்படிப்பட்ட இடத்தில்தான்: தென்னாப்பிரிக்காவின் ஃபைன்போஸ் புதர்க்காட்டுச் செடி ஒன்றின் விதை புகையால் முளைப்பதை 1990இல் டி லாங்கே, பவுச்சர் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் லெட்டூஸ் கீரைக்கும் காட்டுத்தீக்கும் என்ன உறவு? 'கிராண்ட் ராபிட்ஸ்' ரக லெட்டூஸ் விதை வெளிச்சம் இல்லாவிட்டால் சரியாக முளைக்காது. புகைநீரில், அதாவது புகை கரைந்த தண்ணீரில், ஊறினால் இருட்டிலேயே முளைக்கும். ஆய்வகங்களில் புகையைச் சோதிக்க அதையே எடுப்பது அதனால்தான். முளைப்பைத் தூண்டும் பொருளாக 2004இல் புகையில் அடையாளம் கண்ட கரிக்கினோலைடு, செடிகளின் நார்ப்பொருளான செல்லுலோஸ் எரிந்தாலே உருவாகிறது. வைக்கோல், சருகு எதுவானாலும் சரி. அதை உணர உதவும் கேஏஐ2 என்ற புரதம் தீயே காணாத செடிகளிலும் இருக்கிறது, நாற்று வெளிச்சத்துக்கேற்ப வளர்வதிலும் அதற்குப் பங்கு உண்டு. எங்கள் ஊரில் விதைச் சோளக்கதிரை அடுப்புப் புகை படும்படி மேலே கட்டித் தொங்கவிடுவார்கள். பூச்சி அண்டாமல் இருக்கத்தான் என்பார் அம்மா. முளைப்புக்கும் உதவியதா என்று வேளாண் மாணவர்கள் யாராவது சோதித்தால் மிகவும் மகிழ்வேன். இந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், புகைநீர் கெட்டியாக இருக்க இருக்க நல்லது என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். அதே புகையில் முளைப்பைத் தடுக்கும் பொருள்களும் இருக்கின்றன. கரிக்கினோலைடோ மிகமிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்யும். தண்ணீர் நிறையச் சேர்த்து, கொஞ்சம் விதையில் மட்டும் பாருங்கள், பாதியை வெறும் தண்ணீரில் ஊறவைத்து ஒப்பிடுங்கள்.