முதலிடம் பிடித்தும் மேலே போகாத கோவை அணி

எங்கள் கால்பந்து வாட்சப் குழுவில், ஐ-லீக் பருவம் முடியும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர், கோவையில் ஆடிய எங்கள் சென்னை சிட்டி அணியின் 2019ஆம் ஆண்டுக் கோப்பைப் படத்தைத் தேடி எடுத்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. இம்முறை படத்தோடு ஒரு வரியும் வந்தது: "அன்னைக்கு இன்னும் கொஞ்சம் முட்டியிருந்தா நம்ம பசங்களும் ஐ.எஸ்.எல். போயிருப்பாங்க." (ஐ-லீக்கும் ஐ.எஸ்.எல். எனும் இந்தியன் சூப்பர் லீக்கும் நம் நாட்டின் இரண்டு தொழில்முறைக் கால்பந்து லீக்குகள்; ஐ.எஸ்.எல்.தான் மேல் லீக்.) பலரும் ஆமோதித்தார்கள். எழுதியவர் இளைஞர், அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்தப் பிழையான நினைவு இப்படியே ஊன்றிவிட்டால், வாய்ப்பைக் கோட்டை விட்டது நம் அணிதான் என்று பின்னால் வருகிறவர்கள் நம்பிவிடுவார்கள் என்பதால், கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

அன்று முட்டுவதற்கு மிச்சமாக எதுவுமே இல்லை. 2018-19 ஐ-லீக்கில் சென்னை சிட்டி எஃப்.சி. 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள் எடுத்து முதலிடம் பிடித்தது. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளோடு இரண்டாம் இடத்தில் நின்றது. 2016-17இல்தான் ஐ-லீக்கில் நுழைந்திருந்த அணி, அதற்கு அடுத்த பருவத்தில் கோவை நேரு ஸ்டேடியத்தைத் தன் மைதானமாக்கிக்கொண்ட அணி, சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியில், ஸ்பெயினிலிருந்து வந்த சில வீரர்களையும் தமிழ்நாட்டு இளைஞர்களையும் வைத்துக்கொண்டு, நூற்றாண்டு வரலாறு கொண்ட கொல்கத்தா கிளப்புகள் இரண்டையும் பின்னுக்குத் தள்ளியது. முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஏரோஸ் அணிக்கு எதிராக மூன்று கோல் போட்ட பெட்ரோ மான்சி, பருவத்தை 21 கோல்களோடு முடித்தார். பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடுகிற ஆட்டத்தையே பார்த்துப் பழகிய நம் கேலரி, தரையோடு தரையாகப் பத்துப் பன்னிரண்டு பாஸ் கொடுத்து முன்னேறுவதைக் கண்டு கைதட்டக் கற்றுக்கொண்டது அந்தப் பருவத்தில்தான்.

கடைசி ஆட்டம் 2019 மார்ச் 9 அன்று, முந்தைய ஆண்டுச் சாம்பியனான மினர்வா பஞ்சாப் அணியோடு நடந்தது. நாம் வென்றால் கோப்பை நமக்கு. நாம் சறுக்கி, கோழிக்கோட்டில் கோகுலம் கேரளா அணியோடு ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் வென்றால் கோப்பை அவர்களுக்கு. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்துவிட்டார். எனக்கு முன்வரிசையில் அமர்ந்திருந்த பாலக்காட்டுக்காரர் ஒருவர் தம் செல்போனில் கோழிக்கோட்டு ஆட்டத்தை ஓடவிட்டு, வெளிச்சம் படாமல் துண்டால் மூடிப் பிடித்திருந்தார். அவரைச் சுற்றி இருந்த நாங்கள் ஒரு கண்ணை மைதானத்திலும் ஒரு கண்ணை அந்தத் துண்டுக்குள்ளும் வைத்திருந்தோம். இடைவேளைக்குப் பிறகு மான்சி பெனால்டியைக் கோலாக்கினார். தடுப்பாட்டக்காரரான கவுரவ் போரா இரண்டாவது கோலைப் போட்டார். கோழிக்கோட்டில் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால் அதன் பிறகு திரும்பி வந்து 2-1 என்று முந்திவிட்டதைத் துண்டுக்குள் பார்த்தபோது, இனி மினர்வா ஒரு கோல் போட்டாலும் எல்லாம் போயிற்று என்ற நிலை. ஆட்டம் முடியும் தறுவாயில் அதே போரா இன்னொரு கோலும் போட்டு 3-1 ஆக்கிய பிறகுதான் அந்தத் துண்டு காற்றில் பறந்தது.

கீழே இறங்கும்போது என் பக்கத்தில் வந்த ஒரு பெரியவர், வேட்டியை மடித்துக் கட்டியபடியே கேட்டார்: "ஏனுங் தம்பி, அடுத்த வருசம் அந்தப் பெரிய லீக்குல ஆடுவாங்களுங்?" அதற்கு வழியில்லை என்று சொன்னேன். "அப்பறம் எதுக்குங் இத்தன பாடு?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கால்பந்துக் கூட்டமைப்பினரும் ஐ.எஸ்.எல். நடத்துபவர்களும் டெல்லியிலும் மும்பையிலும் இருந்தார்கள். கேட்டவர் பீளமேட்டுக்குப் பேருந்து பிடிக்கப் போய்விட்டார்.

ஐ.எஸ்.எல். 2014இல் தொடங்கியபோதே, ஆட்டத்தில் வென்று உள்ளே போகும் லீக்காக அது அமைக்கப்படவில்லை. பங்கேற்புக் கட்டணம் கட்டி, உரிமம் பெற்று, உள்ளே போக வேண்டியிருந்தது. கீழே இறங்குவதும் அப்போது கிடையாது. ஆகவே 2019இல் நாம் தவறவிட்டது ஒரு வாய்ப்பு என்று சொல்வதே சரியில்லை. அப்படியொரு வாய்ப்பை யாரும் வைக்கவேயில்லை. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் உங்கள் மூட்டைதான் முதல் தரம் என்று சீட்டு எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, விலையை மட்டும் வேறு மூட்டைக்கு முன்பே பேசி முடித்துவிட்டோம் என்று சொன்னால் விவசாயிக்கு எப்படி இருக்கும்?

அதே 2018-19 பருவத்தில் ஐ.எஸ்.எல்.லில் 'சென்னையின் எஃப்.சி.' என்ற வேறோர் அணி 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் எடுத்துக் கடைசி இடத்தில் முடித்தது. முந்தைய பருவத்தின் சாம்பியன் அவர்கள். ஒரு பருவம் சறுக்குவது எந்த அணிக்கும் நேர்வதுதான், அதை வைத்து நான் கேலி செய்யவில்லை. ஆனால் ஒரே மாநிலத்தில், ஒரே பருவத்தில், மேல் லீக்கின் கடைசி அணி அங்கேயே இருக்கிறது, இன்னொரு லீக்கின் முதல் அணியும் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்றால், அந்தப் புள்ளிப் பட்டியலை எதற்காக அச்சிடுகிறார்கள் என்று ஒரு ரசிகன் கேட்கத்தான் செய்வான். தரம் போதாது என்ற சமாதானமும் நிற்காது. அடுத்த சில வாரங்களில் புவனேசுவரத்தில் நடந்த, இரண்டு லீக் அணிகளும் மோதும் சூப்பர் கோப்பையின் காலிறுதியில், அந்த ஆண்டு ஐ.எஸ்.எல். சாம்பியனான பெங்களூரு எஃப்.சி.யை நம் அணி 2-1 என்று வீழ்த்தியது. அரையிறுதியில் எஃப்.சி. கோவாவிடம் 0-3 என்று தோற்றதையும் மறைக்கவில்லை. ஐ-லீக்கை வென்றதால் ஆசியாவின் பெரிய போட்டியின் தகுதிச் சுற்றுக்குப் போகும் உரிமை கிடைத்தது. சொந்த நாட்டின் அடுத்த லீக்குக்குப் போகும் உரிமைதான் கிடைக்கவில்லை.

2019 அக்டோபரில் கோலாலம்பூரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு முன்னிலையில் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பினர் ஒரு திட்டம் போட்டார்கள். அதன்படி 2022-23 ஐ-லீக்கை வெல்லும் அணி, உரிம விதிகளை நிறைவேற்றினால், பங்கேற்புக் கட்டணம் இல்லாமல் ஐ.எஸ்.எல்.லுக்குப் போகலாம். நல்ல விதிதான். ஆனால் 2016-17இல் வென்ற ஐஸ்வால், 2017-18இல் வென்ற மினர்வா, 2018-19இல் வென்ற நாம், 2020-21இலும் 2021-22இலும் அடுத்தடுத்து வென்ற கோகுலம் கேரளா ஆகிய நான்கு கிளப்புகளும் இந்த விதி நடைமுறைக்கு வருமுன் கோப்பை வாங்கியவை. யாருக்கும் பின்னோக்கி ஒன்றும் கிடைக்கவில்லை. இதற்கிடையில் 2020இல், நமக்குப் பின்னால் இரண்டாம் இடத்தில் முடித்திருந்த ஈஸ்ட் பெங்கால் புதிய முதலீட்டாளரோடு ஐ.எஸ்.எல்.லுக்குள் போனது; எங்கள் பருவத்தில் ஐந்தாம் இடத்தில் இருந்த மோகன் பகான், அடுத்த ஆண்டு ஐ-லீக்கை வென்ற கையோடு, ஏற்கெனவே உள்ளே இருந்த ஏ.டி.கே. என்ற கொல்கத்தா அணியோடு சேர்ந்து உள்ளே போனது. விதி வந்த பின் 2022-23இல் வென்று மேலே ஏறிய முதல் அணி எது தெரியுமா? ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப். அதாவது, அந்த மார்ச் மாலையில் நேரு ஸ்டேடியத்தில் நம்மிடம் 3-1 என்று தோற்ற மினர்வாதான், 2020இல் கைமாறிப் புதிய பெயரோடு வந்து ஏறியது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, வென்று ஏறினார்கள். எனக்கு உறுத்துவதெல்லாம் ஆண்டுக்கணக்குதான்.

மூடிய லீக் வேண்டும் என்று சொல்பவர்களின் வாதத்தையும் நான் அலட்சியப்படுத்தவில்லை. கோடிக்கணக்கில் பணம் போடுகிறவருக்கு, ஒரு மோசமான பருவத்தால் எல்லாம் போய்விடாது என்ற உறுதி வேண்டும். தொலைக்காட்சி வருமானம் வேர்பிடிக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை கதவைச் சாத்தி வைப்பது தவறில்லை என்பார்கள். சரி, சாத்துங்கள். எத்தனை ஆண்டுகளுக்கு என்று முதலிலேயே சொல்லிவிட்டுச் சாத்துங்கள். 2024-25 பருவம் வரை ஐ.எஸ்.எல்.லிலிருந்து ஓர் அணிகூடக் கீழே இறக்கப்படவில்லை. ஏறும் வழி திறந்த பிறகும் குழப்பம் தீரவில்லை: 2024-25 ஐ-லீக்கை வென்றது கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸா, இன்டர் காசியா என்பது மைதானத்தில் முடியாமல், 2025 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தில் இன்டர் காசிக்குச் சாதகமாக முடிந்தது. அதுவரை காத்திருந்த கோவா ரசிகர்களின் மனநிலை எங்களுக்குப் புரியும். இந்தியக் கால்பந்தில் ஒரு பருவத்தின் முடிவு தெரிய வேண்டுமானால் வக்கீலையும் கேட்க வேண்டியிருக்கிறது.

மேலே போக முடியாத அணியில் நல்ல வீரன் எதற்காக இருப்பான்? கோப்பை வென்ற சில மாதங்களிலேயே எட்வின் வான்ஸ்பால் 'சென்னையின் எஃப்.சி.'க்குப் போனார், நெஸ்டர் கோர்டில்லோ ஹைதராபாத்துக்குப் போனார். அடுத்த பருவத்தின் நடுவில் மான்சி ஜப்பானுக்குப் போனார். பிறகு அஜித் குமார் பெங்களூருவுக்கும் ரொமாரியோ ஜேசுராஜ் கோவாவுக்கும் போனார்கள். ஒவ்வொருவரும் செய்தது சரி. அவர்கள் இடத்தில் என் தம்பி இருந்திருந்தாலும் போ என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அணியாக ஏற முடியாமல் ஆளாளுக்கு ஏறியதில் கோவைக்கு மிஞ்சியது காலி கேலரி. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் லீக் பாதியில் நின்றது. 2020-21 பருவம் முழுவதும் வங்காளத்திலேயே நடந்தது. அதற்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக்கில் ஆடவில்லை. சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு எடுத்த ஒரு கிளப், கோப்பை வென்ற மூன்றாம் ஆண்டில் பட்டியலிலேயே இல்லை.

இதில் எல்லாப் பழியையும் லீக் அமைப்பின்மேலேயே போட்டுவிடவும் எனக்கு மனம் வரவில்லை. கதவு திறந்திருந்தாலும் நாம் உள்ளே போயிருப்போமா என்பது வேறு கேள்வி. உரிம விதிகள் என்றால் மைதானம், இளையோர் அணிகள், நிதிக் கணக்கு என்று நீளும். நம் ஸ்டேடியம் மாநகராட்சிக்குச் சொந்தமானது, சுற்றிலும் ஓடுபாதை உள்ளது, கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் எதிர்க் கோல் எங்கோ தெரியும். அணியின் பெயரிலேயே கோவை இல்லை, வ.உ.சி. பூங்கா வரை கேட்கும்படி நாங்கள் கத்தியது 'சென்னை, சென்னை' என்றுதான். வெளியூர்க்காரர் கேட்டால் சிரிப்பார். (கிரிக்கெட்டில் மட்டும் கோவைக்கும் திருப்பூருக்கும் சேலத்துக்கும் தனித்தனிப் பெயரோடு அணிகள் கிடைத்துவிட்டன.) பம்பு செட்டும் பனியனும் ஏற்றுமதி செய்யும் ஊர்களில் ஒரு கால்பந்து அணிக்குப் பங்குதாரர்கள் கிடைக்காமல் போகமாட்டார்கள், ஆனால் அவர்களிடம் போய்க் கேட்பவர் முன்னே வைக்க ஒரு கணக்கு வேண்டும்: இத்தனை ஆண்டு பணம் போட்டு, வென்றால், இந்த இடத்துக்குப் போகலாம் என்ற கணக்கு. 2019இல் அந்தக் கணக்கின் கடைசி வரி வெற்றிடமாக இருந்தது. தொழில் தெரிந்த எந்தக் கொங்கு நாட்டுக்காரரும் அப்படிப்பட்ட தாளில் கையெழுத்துப் போடமாட்டார்.

ஆள் வரமாட்டார்கள் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். கொல்கத்தா அணிகள் வந்தால் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவை ஃபவுண்டரிகளிலும் வேலை செய்யும் வங்காளத்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு வந்து ஒரு பக்கக் கேலரியைப் பிடித்துக்கொள்வார்கள். வாளையாறு தாண்டிக் கேரளத்துக்காரர்கள் வருவார்கள். ஊட்டியிலிருந்து மலையிறங்கி வருவோரும் உண்டு. காளான் தட்டோடு நிற்கும் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கவே இருக்கிறார்கள். இத்தனை பேரை ஒரே இடத்தில் சேர்க்கும் காரியம் இந்த ஊரில் வேறு அதிகமில்லை.

2023-24 பருவத்தில் கீழிருந்து ஐ-லீக் 3, ஐ-லீக் 2, ஐ-லீக் என்று படிகள் போட்டார்கள். கோவையில் புதிதாக ஒரு கிளப் தொடங்கலாம் என்று சிலர் பேசிக்கொள்வதும் காதில் விழுகிறது. தொடங்கட்டும். ஊரின் பெயரை வைக்கட்டும், மாவட்ட லீக்கில் ஆடும் பையன்களை எடுக்கட்டும், மாநகராட்சியோடு மைதானத்துக்கு ஒரு மாலைக்கு மட்டும் பேசாமல் பல ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போடட்டும். கடைசிப் படியிலிருந்து தொடங்கினாலும் பருவச் சீட்டு வாங்க நான் தயார். அதற்கு முன், முதலிடம் பிடித்தால் எங்கே போவோம், அது எந்த விதியில் எழுதியிருக்கிறது, அந்த விதி எத்தனை ஆண்டுக்குச் செல்லும் என்று அறிமுகக் கூட்டத்திலேயே எழுந்து கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.