அரிய பறவை வந்திருக்கிறது, சரி. கூட என்ன இருந்தது?

குளிர்காலம் தொடங்கிவிட்டது. பறவை பார்ப்பவர்களின் இணையக் குழுக்களில் இனி நாலு மாதத்துக்கு ஒரே மாதிரிப் பதிவுகள்தான் ஓடும். நெருக்கமாக வெட்டிய ஒரு படம், அதன் மேலே 'மிக அரிய காட்சி', துணிச்சல் இருந்தால் 'இப்பகுதியில் முதல் பதிவு'. கீழே வரிசையாக இதயங்கள், நடுநடுவே 'இடம் சொல்லுங்க சார்'. எத்தனை மணிக்குப் பார்த்தார், எவ்வளவு நேரம் பார்த்தார், அது என்ன தின்றுகொண்டிருந்தது, அக்கம்பக்கத்தில் வேறு என்னென்ன பறவைகள் இருந்தன, ஒரு வரிகூட இருக்காது. கேட்டால் 'அதையெல்லாம் கவனிக்கலையே' என்பார்கள்.

படம் எடுப்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானும் எடுக்கிறேன், சுமாராக. என் எரிச்சல் வேறு. ஒரு பறவை தன் வழக்கமான வலசைப் பாதையை விட்டு வெகுதூரம் தள்ளி வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது என்றால், 'ஏன் இங்கே?' என்றுதான் முதலில் கேட்கத் தோன்ற வேண்டும். நம் குழுக்களில் அதற்கு அரைமணி நேரத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது. ஒருவர் 'பருவநிலை மாற்றம்' என்பார். இன்னொருவர் 'பாவம், பசி' என்பார். 'நம்ம பக்கம் இப்ப நல்லா இருக்கு, அதான் தேடி வருது' என்று பெருமைப்படுபவரும் உண்டு. பதில் தெரிய சில சமயம் பத்து வருடம் பிடிக்கும் என்று சொன்னால் யாருக்கும் ரசிப்பதில்லை.

பசிக் கதையையே எடுத்துக்கொள்வோம். 2013-14 குளிர்காலத்தில் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பனி ஆந்தைகள் ஏராளமாக வந்து இறங்கின. ஒன்று புளோரிடா வரை போனது. அட்லாண்டிக் நடுவில் கிடக்கும் பெர்முடாவிலும் ஒன்றைப் பார்த்தார்கள். வடக்கே இரை தீர்ந்துபோய்த் தப்பி வருகின்றன என்றுதான் பொதுவாகப் பேச்சு. நடந்தது நேர் எதிர். அதற்கு முந்தைய கோடையில் கியூபெக்கின் வடகோடியில் லெம்மிங் என்ற, எலி போன்ற சிறு பிராணி அளவுக்கு மீறிப் பெருகியிருந்தது. ஒரு கூட்டைச் சுற்றிலும் கொன்று போட்ட லெம்மிங்குகள் வேலி கட்டியது மாதிரிக் கிடந்த படம் அப்போது வெளிவந்தது. இரை மலிந்ததால் குஞ்சுகள் நிறையப் பிழைத்தன. அந்த இளம் ஆந்தைகள்தான் குளிர்காலத்தில் தெற்கே பரவின. 'புராஜெக்ட் ஸ்னோஸ்டார்ம்' என்ற ஆய்வுத் திட்டக்காரர்கள் அவற்றில் சிலவற்றைப் பிடித்து, எடை பார்த்து, டிரான்ஸ்மிட்டர் பொருத்தி விட்டார்கள். பெரும்பாலானவை நல்ல உடல்நிலையில் இருந்தன. எடைத்தட்டில் வைத்துப் பார்த்ததால் தெரிந்தது. இல்லாவிட்டால் இன்றைக்கும் 'பாவம், பசி'தான்.

ஸ்டெல்லர் கடற்கழுகின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ரஷ்யாவின் தூரகிழக்குக் கரையில் கூடு கட்டும் பறவை. குளிர்காலத்தில் ஜப்பானின் ஹொக்கைடோ வரை இறங்கும். இறக்கையை விரித்தால் இரண்டரை மீட்டர் வரை வரும். அதில் ஒன்று 2020 ஆகஸ்டில் அலாஸ்காவின் உள்நாட்டுப் பகுதியில் தென்பட்டது. அடுத்த வருடம் கியூபெக், நோவா ஸ்கோஷியா, டிசம்பரில் மாசசூசெட்ஸ், வருடக் கடைசியில் மெய்ன் என்று ஒரு கண்டத்தையே கடந்துகொண்டிருந்தது. இத்தனையும் ஒரே பறவைதான் என்று எப்படிச் சொன்னார்கள்? இறக்கையில் இருந்த வெள்ளைத் திட்டுகளை வைத்து. அவற்றின் அமைப்பு ஒவ்வொரு கழுகுக்கும் கொஞ்சம் மாறும். வெவ்வேறு ஆட்கள் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இந்த வேலைக்கு, கிளையில் இறக்கையை மூடிக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் படம் உதவாது. தூரத்தில் மங்கலாக, இறக்கை விரித்துப் பறக்கும் படம் உதவும். நம் ஆட்கள் முதலில் அழித்துவிடும் படம் அது.

2018 இலையுதிர் காலத்தில் நியூயார்க் சென்ட்ரல் பார்க் குளத்துக்கு வந்து உலகப் புகழ் அடைந்த மாண்டரின் வாத்து வேறு ரகம். அதன் காலில் வளையம் இருந்தது. யாரோ வளர்த்தது தப்பி வந்திருக்க வேண்டும். காலைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் பார்த்திருந்தால் அதுவும் ஒரு வலசை அதிசயம்.

எனக்கு மிகப் பிடித்தது ரிச்சர்ட் நெட்டைக்காலி. படத்தில் ஒன்றுமே தோன்றாத பறவை. மண்நிறம், மேலே கோடுகள், நிமிர்ந்த நிற்பு, பின்விரலில் நீண்ட நகம். புல்வெளியில் இறங்குவதற்கு முன்னால் சில நொடி ஒரே இடத்தில் சிறகடித்துத் தயங்கி நிற்கும். எழும்பிப் போகும்போது சிட்டுக்குருவி கோபித்துக்கொண்டது போல ஒரு கரகரப்பான கத்தல். சைபீரியா, மங்கோலியாப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்காசியா, தென்கிழக்காசியா வருவது இதன் வழக்கம். மேற்கு ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் தப்பித்தவறி ஒன்றிரண்டு தென்படும். 'திசை தவறிய குஞ்சுகள், செத்துப்போகும்' என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். ஆனால் தெற்கு பிரான்சில் சிலர் விடாமல் குறித்துவைத்தார்கள். வருடத்துக்கு வருடம் எண்ணிக்கை கூடியது, குளிர்காலம் முழுக்கத் தங்கவும் செய்தன. காலில் அடையாள வளையமிட்டுப் பார்த்தால், போன வருடத்துப் பறவையே திரும்பி வந்திருக்கிறது. இடங்காட்டும் கருவி பொருத்தியதில், கோடைக்கு சைபீரியா போய்விட்டு மறுபடி பிரான்சுக்கே வந்தது தெரிந்தது. 2021-ல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. தவறு என்று ஒதுக்கிய ஒன்று புதிய வலசைப் பாதையாக மாறிக்கொண்டிருக்கிறது.

இதற்கு முன்னோடி உண்டு. ஐரோப்பாவில் பிளாக்கேப் என்ற கதிர்க்குருவி இருக்கிறது. மத்திய ஐரோப்பாவில் கூடு கட்டும் அவற்றில் பெரும்பாலானவை குளிர்காலத்துக்குத் தென்மேற்கே போகும். 1960-களிலிருந்து பிரிட்டனில் குளிர்காலத்திலும் பிளாக்கேப் கூடிக்கொண்டே வந்தது. ஜெர்மனியில் பீட்டர் பெர்தோல்டும் அவர் குழுவினரும் பிரிட்டனில் பிடித்த பறவைகளைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்யவைத்து, குஞ்சுகள் எந்தத் திசைக்குத் துடிக்கின்றன என்று பார்த்தார்கள். பெற்றோர் போலவே வடமேற்குப் பக்கம், அதாவது பிரிட்டன் இருக்கும் திசை. திசை பரம்பரையாக வருகிறது என்று 1992-ல் வெளியிட்டார்கள்.

சரி, நிஜமாகவே திசை தவறுபவை? அதற்கும் பதில் வந்தது சலிப்பூட்டும் பதிவேடுகளிலிருந்துதான். 1960 முதல் 2019 வரை வட அமெரிக்காவில் வலைவைத்துப் பிடித்து வளையமிட்ட 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள், 152 இனங்கள். இவற்றின் குறிப்புகளைப் பூமியின் காந்தப்புல மாறுதல்களோடு ஒப்பிட்டார்கள். காந்தப்புலம் கலங்கிய நாட்களையொட்டி, குறிப்பாக இலையுதிர் வலசையில், இடம் மாறி வந்த பறவைகள் அதிகம் என்று 2023-ல் தெரியவந்தது. இருபது லட்சத்தில் முக்கால்வாசிக்குமேல் சாதாரணப் பறவைகளாகத்தான் இருந்திருக்கும். அவற்றை எழுதிவைத்தவர்களுக்கு யாரும் இதயம் போட்டிருக்க மாட்டார்கள். அவை பதிவேட்டில் இல்லையென்றால் இடம் மாறி வந்தவற்றை எதோடு ஒப்பிடுவது?

பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையதளத்தில் செக்லிஸ்ட் (பார்த்த பறவைகளின் பட்டியல்) போடும்போது ஒரு கேள்வி வரும், கவனித்திருப்பீர்கள்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிவு செய்கிறீர்களா? அந்த ஒரு 'ஆம்' இருந்தால்தான் பட்டியலில் இல்லாத பறவை 'அன்று காணவில்லை' என்று அர்த்தமாகும். அரிய பறவையை மட்டும் போட்டுவிட்டு வருபவர் இதைத்தான் கெடுக்கிறார். 1900 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்கப் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் யோசனைப்படி 27 பேர் சேர்ந்து ஒரு பறவைக் கணக்கெடுப்பைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் விடுமுறை நாளில் யார் அதிகம் சுடுகிறார்கள் என்று போட்டி நடக்கும், அதற்கு மாற்றாக. அது இன்றுவரை நடக்கிறது என்றால், காக்கை குருவியையும் எண்ணியதால்தான் அதற்கு மதிப்பு.

இன்னொன்று. சந்தேகம் கேட்டால் சிலர் சண்டைக்கு வருகிறார்கள். 'என்னையே நம்பலையா?' அப்புறம் குழுவை விட்டு வெளியேறுதல், சமாதானத் தூது, இத்யாதி. இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் பகுதியில் 1892-லிருந்து 1930 வரை அரிய பறவைகள் வரிசையாகக் 'கிடைத்தன'. செத்த பறவைகளைப் பதப்படுத்திப் பாடம் செய்யும் ஒரு கடைக்காரர் வழியாகவே பெரும்பாலும். 1962-ல் அந்தப் பதிவுகளை எண்ணிக்கை ரீதியாக ஆராய்ந்து, நம்ப முடியாது என்று ஒட்டுமொத்தமாகத் தள்ளினார்கள். பின்னாளில் அந்த இனங்களில் பல நேர்மையான பதிவுகளோடு மறுபடி பட்டியலில் சேர்ந்தன. பறவைகள் பொய்யில்லை, பதிவுகள் பொய். பிரிட்டனில் 1959-லிருந்தே அரிய பறவைப் பதிவுகளை ஆராய ஒரு குழு இருக்கிறது. அங்கே எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் குறிப்பு எழுதித்தான் ஆகவேண்டும்.

இடம் சொல்வதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் மூடிவைக்க வேண்டும் என்ற கட்சியில் நான் இல்லை. 1989 பிப்ரவரியில் அமெரிக்கக் கதிர்க்குருவி ஒன்று இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், ஒரு சூப்பர்மார்க்கெட் கார் நிறுத்தத்தை ஒட்டித் தென்பட்டபோது ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டார்கள். திறந்த இடம், எல்லோரும் பார்க்கலாம். பகலில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் ஆந்தை அப்படியில்லை. ஒருவர் நெருங்கினால் கண்ணைத் திறக்கும், இன்னொருவர் நெருங்கினால் தலையைத் திருப்பும், மூன்றாமவர் வந்ததும் எழும்பும். எழும்பியதும் காகங்கள் துரத்தும். குளிர்காலத்தில் அப்படி வீணாகும் சக்தியை இரவு வேட்டையில்தான் ஈடுகட்ட வேண்டும். போன குளிர்காலத்தில் ஓர் ஆந்தையைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர் அரைவட்டமாக நின்றதையும், அதில் ஒருவர் கைபேசியில் ஆந்தைக் குரலை ஓடவிட்டதையும் பார்த்தேன். ஏன் என்று கேட்டதற்கு, 'கண்ணைத் திறந்தாத்தான் சார் படம்' என்றார்.

அதனால் என் வழக்கம் இது: அன்றைக்கே முழுப் பட்டியலையும் எழுதிவிடுவேன், நேரத்தோடும் தூரத்தோடும், சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே. படம் இல்லாவிட்டாலும் எழுதுவேன். ஆந்தை மாதிரித் தொந்தரவு தாங்காத பறவையாக இருந்தால் இடத்தை மட்டும் நிறுத்திவைப்பேன். இன்பாக்ஸில் வந்து கேட்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அது கிளம்பிப் போன பிறகு செக்லிஸ்ட்டில் தேதியோடு இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.