எட்டு இஞ்ச் கார்க்கைச் சுற்ற நேரான லேத் ஒன்று கிடைக்காதா?

நான் கேட்டது தொழிற்சாலை மெஷின் இல்லை. தூண்டில் ராடுக்குக் கார்க் கைப்பிடி இழைக்க ஒரு சின்ன லேத். அதுவும் கார்க்! நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழுகிற பொருள். அதை நேராகச் சுற்றுகிற மெஷின் ஒன்றை, உள்ள அளவை உள்ளபடி சொல்லி, நியாயமான விலைக்கு விற்க ஆளே இல்லையா? வயிறு எரிகிறது.

வேலை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கார்க் வளையமாக வரும். ஒன்றேகால் இஞ்ச் விட்டம், அரை இஞ்ச் கனம், நடுவில் இரண்டு நூல், அதாவது கால் இஞ்ச் ஓட்டை. எட்டு இஞ்ச் கைப்பிடிக்கு 16 வளையம். மரை போட்ட கம்பியில் முதலில் மெழுகு தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பியும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். வளையங்களுக்குப் பசை தடவிக் கோத்து, இரண்டு பக்கமும் வாஷர் வைத்து நட்டை இறுக்கி, ஒரு நாள் காயவிட வேண்டும். அப்புறம்தான் லேத். உளி வைத்தால் கார்க் பிய்த்துக்கொண்டு வரும் என்பதால் உப்புத்தாள்தான் எல்லாம். 80-ஆம் நம்பரில் உருவம் கொண்டுவந்து, 120, 220, 400 என்று ஏறிப்போனால் கை வைக்கவே ஆசையாக இருக்கும். இந்த வெயிலில், வேர்த்த கையோடு கண்மாய்க் கரையில் நின்று விராலுக்குத் தவளையை வீசிப் பாருங்கள். தேவகோட்டையிலிருந்து தொண்டி பக்கம் போய் உப்புக் காற்றில் நின்று பாருங்கள். ஈரக் கையில் கார்க் பிடிக்கிற மாதிரி வேறெதுவும் பிடிப்பதில்லை.

இதற்கு லேத்தில் என்ன வேண்டும்? எட்டு இஞ்ச் கார்க், இரண்டு முனையிலும் நட்டு, சுற்றுகிற பக்கத்தில் பிடித்துக்கொள்ளும் சக் கடிக்கக் கொஞ்சம் கம்பி. ஆக சக்குக்கும், மறு முனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்குக்கும் நடுவில் பத்து இஞ்சாவது வேண்டும். விளம்பரத்தில் 12 இஞ்ச் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பெட்டியைப் பிரித்து டேப் வைத்துப் பார்த்தால், 12 இஞ்ச் என்பது அடியில் கிடக்கும் அலுமினியப் பட்டையின் முழு நீளம்! மோட்டாரும் சக்கும் ஒரு பக்கம், டெயில் ஸ்டாக் மறு பக்கம் அதைத் தின்றதுபோக நடுவில் ஏழு இஞ்சுகூட மிஞ்சவில்லை. போன் செய்து கேட்டால், "சார், பெட் 12 இஞ்ச்தானே, கரெக்ட்டாத்தானே போட்டிருக்கோம்" என்கிறார்கள். வாங்குகிறவன் பட்டையையா கடையப்போகிறான்?

சரி, சின்னக் கைப்பிடியாவது இழைக்கலாம் என்று ஐந்து இஞ்ச் கார்க்கை மாட்டினேன். ஓடும்போதே கம்பி வில்லாக வளைந்து ஆடுகிறது. காரைக்குடியில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் சுவிட்சைக்கூடப் போடவில்லை. சக்கில் ஒரு கூர் முனைக் கம்பியை மாட்டி, டெயில் ஸ்டாக்கைத் தள்ளிக்கொண்டு வந்து அதன் முனைக்கு எதிரே நிறுத்தினார். குனிந்து பார்த்துவிட்டு, "முனையும் முனையும் ஒட்டி நிக்கணும் தம்பி. இது அரை நூல் தள்ளி நிக்குது. இதுல எதைக் கடைஞ்சாலும் கோணல்தான்" என்றார். டெயில் ஸ்டாக்கை விரலால் தள்ளினார். இறுக்கிய பிறகும் அசைந்தது.

கட்டில் காலும் படிக்கட்டுக் கைப்பிடியும் பர்மா தேக்கில் கடைந்து வீடு வீடாக நிறுத்திய ஊர் இது. நூறு வருஷம் ஆன கடைசலை இன்றைக்கும் தடவிப் பார்த்தால் ஒரு நெளிவு தெரியாது. அந்த ஊருக்கு வந்து இறங்குகிறது, இரண்டு முனை நேருக்கு நேர் நிற்காத லேத்! அண்ணனின் மெஷினில் செய்துகொள்ளலாமே என்பார்கள். அது ஆளுயரக் கட்டையைக் கடையும் மெஷின், அவர் பிழைப்பு. என் கார்க்குக்காக அரை நாள் அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது.

மோட்டார் கதை இன்னும் மோசம். இந்த மலிவு லேத்துகளில் பெரும்பாலும் இருப்பது 775 என்கிற சின்ன டிசி மோட்டார். "அதிவேகம்" என்று அதையே பெருமையாக எழுதுகிறார்கள். கார்க்குக்கு வேகம் எதற்கு? நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்று போதும். அதற்கு மேல் போனால் உப்புத்தாள் சூடேறி, பசை இளகி, வளையத்துக்கு வளையம் வரப்பு தெரியும். வேகத்தைக் குறைக்கலாம் என்று குமிழைத் திருப்பினால் கூடவே இழுவையும் போய்விடுகிறது. தாளை லேசாக அழுத்தினாலே நின்றுவிடும். மோட்டாரின் உடம்பில் திறந்த ஓட்டைகள் வேறு. கார்க் தூள் மாவாகப் பறக்கிற வேலைக்கு இதையா கொடுப்பது?

கெட்டுப்போகிற கார்க் சும்மாவா வருகிறது? உலகத்துக் கார்க்கில் பாதி போர்ச்சுகலில் விளைகிறது. மரத்தை வெட்டாமல் ஒன்பது வருஷத்துக்கு ஒரு முறை பட்டையை மட்டும் உரிக்கிறார்கள். அந்த நல்ல வளையம் பதினாறையும் ஒரு கோணல் லேத் ஒரு பக்கம் தடிப்பாக, ஒரு பக்கம் ஒல்லியாக ஆக்கித் தருகிறது.

நல்லது வேண்டுமென்றால் வார்ப்பிரும்பு லேத் வாங்கு என்கிறார்கள். வாங்கலாம், இருபதாயிரத்துக்கு மேல் எடுத்து வைத்தால். ராடு ஒன்றிரண்டு கட்டுகிறவன் அவ்வளவுக்கு எங்கே போவான்? டிரில் மெஷினே போதும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: முன்பிடி மாதிரி குட்டையானதற்குச் சரி. நீளமானதற்கு மறு முனையில் பேரிங் வைத்துத் தாங்காவிட்டால் அதுவும் ஆட்டம்தான். இப்போது ஆசாரி அண்ணன் சொன்னபடி தேக்குக் கட்டையில் பெட் போட்டு, பழைய தையல் மெஷின் மோட்டாரை பெல்ட்டில் இணைத்து, பெரிய புல்லி வைத்து வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். முனை இரண்டும் ஒட்டி நிற்கிறது. கையால் செய்தது நிற்கிறது, கம்பெனி செய்தது நிற்கவில்லை!

காசைத் திருப்பிக் கேட்டேன். சக்கில் பொருளை மாட்டி ஓட்டிவிட்டதால் பயன்படுத்திய பொருள் கணக்காம், எடுக்க மாட்டார்களாம். மாட்டி ஓட்டாமல் ஒரு லேத் கோணலா நேரா என்று எப்படிப் பார்ப்பதாம்? அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.